அப்பா கீபோர்டில் அடித்த பதில்

காசாபா, ஆகஸ்டு 9

அன்பு மகன் தெர்லிஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பசுவும் சுகம். கடல் தாண்டி வலென்சியாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம்.

பக்கவாதத்தில் பேச்சுப் போனவருக்காக நீ இணையத்தில், அடித்ததைச் சத்தமாக வாசிக்கும் ஒரு பேசும் பக்கம் செய்து, அவர் விரலுக்கு ஏற்றபடி திரையிலேயே பெரிய எழுத்துகளாகக் கீபோர்டும் வைத்தாய் அல்லவா, அதைப் பற்றித்தான். முதல் நாள் கீபோர்டு மேலே எழும்பி எழுதுகிற கட்டத்தையே மூடிவிட்டது. உப்பு கேட்பதற்காக ஸ்பானியத்தில் 'ஸால்' என்று ஆரம்பித்தார், வைத்த விரலை எடுக்க நேரமானதால் முதல் 'ஸ்' முப்பதாகி டேப்லெட் பாம்புபோலச் சீறியது, நான் துடைப்பத்தோடு ஓடிவந்தேன். விரலை எடுத்தால்தான் எழுத்து விழும் என்று நீ மாற்றிய பிறகு சரியாயிற்று. நம் குவாரனி மொழி எழுத்துகளுக்குத் தனி வரிசை வைத்ததும் நல்லது, ஸ்பானிய மொழியில் அவர் யாரோடும் சண்டை போட்டதே இல்லை. உப்பு இன்னும் கொடுக்கவில்லை, டாக்டர் கூடாது என்கிறார்.

செவ்வாய்க்கிழமை உன் சித்தப்பா போர்ஃபிரியோ பத்திரம் எழுதும் அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நானும் அப்பாவும் பருத்தி போட்ட காசில் வாங்கிய ஓடையோர நிலத்தைச் சோயா பயிரிடுகிறவர்களுக்கு விற்க வேண்டுமாம். "அண்ணி, அண்ணன் போன மாசமே தலையாட்டிட்டாரே, நம்ம நிலத்தை வித்துடலாம்னு" என்றார். படுத்த நாளிலிருந்து அப்பா எதற்கும் தலையாட்டுவார் என்பது உனக்குத் தெரியும். அவருடைய பழைய நாற்காலியைத் தூக்கிப் போடவா என்று நான் கேட்டதற்கும் ஆட்டினார், போட்டுவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. அந்த அம்மாள், "ஐயா, விக்கச் சம்மதமா?" என்று கேட்டதும் ஆட்டினார். சித்தப்பா பேனாவை நீட்டினார். நான் டேப்லெட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். விரல் எழுத்துகளின் மேல் அலைந்தது. "அண்ணன் விளையாடுறாரு, நேரமாகுதும்மா" என்றார் சித்தப்பா. கடைசியில் நீ செய்த பக்கம் தன் ஸ்பானியக் குரலில் குவாரனியைக் கடித்துத் துப்பிக்கொண்டு படித்தது: "எங்க நிலம்." நம்ம நிலம் இல்லை மகனே, எங்க நிலம். போர்ஃபிரியோவுக்கு அதில் இடமில்லை.

பத்திரக்கார அம்மாளும் குவாரனி பேசி வளர்ந்தவள்தான். "ஐயா சொல்றது தெளிவாத்தான் இருக்கு" என்று காகிதங்களை மடித்துப் பையில் வைத்தாள். "மெஷின் பேசுறதை நம்புவீங்களா?" என்று சித்தப்பா கத்தினார். அப்பா இன்னொன்று அடித்தார், இது சீக்கிரமே வந்தது: "வீட்டுக்குப் போ." போனார், நான் கலந்து வைத்த தெரெரே பானத்தைக்கூடக் குடிக்கவில்லை. அன்று சாயங்காலம் வரை அப்பா யார் பேச்சுக்கும் தலையாட்டவில்லை. இப்போது நாற்காலி எங்கே என்று தினம் கேட்கிறார்.

இங்கே குளிர், அங்கே கோடையாமே, வெயிலில் அலையாதே. ஞாயிற்றுக்கிழமை அவர் உனக்கு வெகுநேரம் எழுதினார், நான் கிட்டே போனதும் திரையைக் கையால் மூடிக்கொண்டார். என்ன எழுதினார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம், பதிலை மட்டும் குவாரனியில் போடு. காக்குப்பே மாதா உனக்குத் துணை இருக்கட்டும், என் ஆசிகள். மறக்காமல் ஒன்று செய்: அழிக்கிற பொத்தான் அனுப்புகிற பொத்தானை ஒட்டி இருக்கிறது, தள்ளி வை. அந்தக் கடிதத்தை அவர் மூன்று தடவை முதலிலிருந்து எழுதினார்.

உன் அம்மா,
யூசேபியா