அந்த எலிகளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று

அன்பான எங்கள் எலிக்காரிக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிக்காதே. நீ கூப்பிட்டாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிவிடுகிறார். பக்கவாதத்தில் விழுந்தது வலது கைதான். காது இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. எனக்கு டைப் அடிக்கவும் வராது. அதனால் எழுதி, படம்பிடித்து அனுப்புகிறேன். உடனே படி.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நேற்று ஒற்றைக் கையால் சுவிட்ச் போர்டைக் கழற்றப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் புத்தி எங்கே போகும்! கத்தி உட்கார வைத்தேன்.

விஷயம் அதுவல்ல. இன்று காலை தலையணை உறையை உருவினால், உள்ளே ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள், பாதி கரைந்து துணியோடு ஒட்டிக் கிடக்கின்றன. என் கண்ணெதிரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தவர், கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்திருக்கிறார்.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் சிரிக்கிறார். "நம்ம பொண்ணு மருந்து வருதுல்ல? அந்த எலிங்களுக்கு வேற மாத்திரையே குடுக்கலையாம், அவளே சொன்னா. நடுவுல வேற எதையாவது கலந்தா அது வேலை செய்யாதுடி" என்கிறார்.

அன்று ஸ்பீக்கரில் உன் ஆராய்ச்சியைப் பற்றி விளக்கினாயே, அத்தனையும் அவருக்கு மனப்பாடம். உயிரணுவுக்குள் செய்தி கொண்டுபோகும் ஆர்.என்.ஏ.; அதன்மேல் குட்டிக்குட்டி ரசாயன அடையாளங்கள்; மூளைக்கு ரத்தம் நின்றால் அவை தாறுமாறாகி, நரம்பணு தன்னையே கெடுத்துக்கொள்ளும்; அந்த அடையாளங்களைச் சரிசெய்ததும் எலிகளுக்குச் சேதம் குறைந்தது. வருகிற நர்ஸுக்கெல்லாம் இதே பாடம்தான் நடக்கிறது. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பெருமை.

டாக்டரைக் கூப்பிட்டேன். மாத்திரையை விட்டால் மறுபடி வரலாம், அடுத்தது இப்படிக் கையோடு போகாது என்றார். எனக்குப் பயமாக இருக்கிறதடி. நான் சொன்னால், உனக்கென்ன தெரியும் என்கிறார். நீ சொல்வதுதான் அவருக்கு வேதவாக்கு.

மனுஷங்களுக்கு அந்த மருந்து எப்போது வரும் என்று நான் கேட்டதற்கு, "பாக்கலாம்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தையை நானும்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். உன்மேல் கோபமில்லை. இல்லை, கொஞ்சம் இருக்கிறது.

இன்றே கூப்பிடு. வருஷக்கணக்காகும், வராமலும் போகலாம் என்று உன் வாயால் சொல். அதற்கும் மசியவில்லையென்றால், அந்த எலிகளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று சொல். நான் கேட்டபோது பேச்சை மாற்றினாய். மூளையை வெளியே எடுத்துப் பார்க்காமல் சேதம் குறைந்தது எப்படித் தெரியும்? அதுகூட எனக்கு விளங்காதா? பிழைத்து நடமாட ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை, உயிரோடு இருந்தால்தானே வேறு மாத்திரை கொடுக்க என்று சொல்லிவிடு.

அழுவார். நான் பக்கத்தில் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. உன் மருந்து என்றைக்காவது யாரோ ஒருத்தியின் அப்பாவைக் காப்பாற்றட்டும். உன் அப்பாவுக்கு இன்று அந்த மாத்திரை தொண்டைக்குக் கீழே இறங்கினால் போதும்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
அம்மா