அடுத்த பக்கத்தை யாரும் புரட்டலை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதறேன். இங்கே மூணு பேரும் உடம்பளவுல நல்லா இருக்கோம், அங்கே நீயும் மருமகளும் என் பேத்தியும் அந்தக் குளிர்ல சளி இருமல்னு படுக்காம இருந்தா அதுவே எனக்குப் போதும். உங்கப்பாவுக்கு முட்டி வலி தேவலை, மாடி ஏறும்போது மட்டும் ஒவ்வொரு படியையும் திட்டிக்கிட்டே ஏறுறார். பல் டாக்டர் கிளினிக் வேலையை விட்டுடும்மான்னு நீ சொல்லிக்கிட்டே இருக்கே, விட்டுட்டு நாள் பூரா உங்கப்பா பேச்சைக் கேட்கறதுக்கு, வாயைத் திறந்து வச்சுக்கிட்டுப் பேச முடியாம படுத்திருக்கறவங்களோட இருக்கறது எவ்வளவோ நிம்மதி. போன்ல சொல்ல வேண்டியதைக் காகிதத்துல எழுதறாளேன்னு நினைக்காதே. போன்ல நீ பாதியிலயே குறுக்கே பூந்து ஒரு முடிவு கட்டிடுவே. இதை நீ முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிக்கணும்.

உன் தங்கச்சியை ஸ்கூல்ல வேலையை விட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. அண்ணனுக்குத் தெரிய வேண்டாம், அங்கே உட்கார்ந்து கவலைப்படுவான்னு என்னைத் தடுத்து வச்சிருந்தா, இனிமே மறைக்கறதுல பிரயோஜனம் இல்லை. அவ பதினொண்ணாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கறது உனக்குத் தெரியும். இப்பல்லாம் அந்த வகுப்புல முழுப் புஸ்தகமே கிடையாதாம்ப்பா. எந்தக் கதையில இருந்தோ ஒரு பத்தியை வெட்டி எடுத்து, கீழே நாலு கேள்வியைப் போட்டுக் கொடுப்பாங்களாம், பரீட்சையும் அதே மாதிரிதானாம். முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன ஆச்சுன்னு யாரும் கேட்கறதில்லை. உன் தங்கச்சி ஒருநாள் வகுப்புலயே முதல் மார்க் வாங்கற பொண்ணை ஒரு கதை முழுசா படிக்கச் சொல்லியிருக்கா. நாலு பக்கம்தான். அந்தப் பொண்ணு அழகா, ரேடியோவுல வாசிக்கற மாதிரி வாசிச்சுட்டு, கதை என்னம்மான்னு கேட்டதும் முழிச்சிருக்கு. கடைசிப் பக்கம் வர்றதுக்குள்ள முதல் பக்கம் போயிடுது மிஸ்ஸுன்னு சொல்லிச்சாம். அன்னிக்கு வீட்டுக்கு வந்து உன் தங்கச்சி சாப்பிடவே இல்லை. சுமாரா படிக்கற பிள்ளைக்கு இப்படின்னா சரி, முதல் மார்க் வாங்கற பிள்ளைக்கே இப்படின்னா நாம என்னத்தைச் சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்கோம்மான்னு கேட்டா.

அதுக்கப்புறம்தான் அவ ஒரு முழு நாவலை எடுத்தா. பிரின்சிபால் வேண்டாம்னு சொல்லிப் பார்த்திருக்கார், பாடம் முடியலைன்னா நான் பொறுப்பில்லைன்னு கையை உதறிட்டார். தினமும் வகுப்பு ஆரம்பிச்சதும் கொஞ்ச நேரம் எல்லாரும் அவங்கவங்க பிரதியை வச்சுக்கிட்டு சத்தம் போடாம படிக்கணும். முதல் வாரம் பிள்ளைங்க தலை வலிக்குது, கண்ணு எரியுதுன்னு ஒரே புலம்பல். அப்புறம் மணி அடிச்சதே காதுல விழாத மாதிரி உட்கார ஆரம்பிச்சிட்டாங்கன்னு சொல்லிச் சிரிப்பா. கதையை எனக்கும் சொன்னா. ஒரு படகுக்காரன், அவன் படகு கவிழ்ந்து ஒரு ஆள் செத்துப் போயிடறான், பழியை இவன் தன் மேலயே போட்டுக்கிட்டு ஒரு விடிகாலையில பாலத்துக்குப் போறான். செருப்பைக் கழட்டி வச்சுட்டுக் கைப்பிடி மேல ஏறி நிக்கறான். புஸ்தகத்துல அந்தப் பக்கம் அதோட முடியுது. அடுத்த பக்கத்துல ஒரு தெருநாய் வந்து ஒத்தைச் செருப்பைக் கவ்விக்கிட்டு ஓட, இவன் இறங்கி அதை விரட்டிக்கிட்டு ஊர் பூரா ஓடி, கடைசியில மூச்சு வாங்க உட்கார்ந்து சிரிக்கிறான், அப்புறம் அழறான், அப்புறம் பசிக்குதுன்னு கடைக்குப் போறான். அதுக்குப் பிறகும் பாதிப் புஸ்தகம் இருக்கு. அவன் கிழவனாகற வரைக்கும் கதை போகுது.

அந்த முதல் மார்க் பொண்ணோட அப்பா போன வருஷம் தவறிட்டார். அம்மாவும் பொண்ணும்தான் வீட்ல. அந்தம்மா ஒருநாள் பொண்ணோட பையில டிபன் டப்பா எடுக்கப் போய், ஓரம் மடிச்சு வச்சிருந்த அந்தப் பாலத்துப் பக்கத்தைப் பார்த்திருக்காங்க. உடனே போட்டோ பிடிச்சு, பிள்ளைங்களுக்கு என்ன சொல்லிக் கொடுக்கறாங்க பாருங்கன்னு பெத்தவங்க குரூப்புல போட்டுட்டாங்க. சாயந்திரத்துக்குள்ள அது ஊரெல்லாம் சுத்திடுச்சு. மறுநாள் பியூன் வந்து பிள்ளைங்க கையில இருந்த பிரதியெல்லாம் பிடுங்கி மூட்டை கட்டிக்கிட்டுப் போனார். விசாரணைன்னு கூப்பிட்டு உட்கார வச்சாங்க. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருத்தர்கூட புஸ்தகத்தைப் படிச்சிருக்கலை, எல்லார் கையிலயும் போன்ல அந்த ஒரே படம். அடுத்த பக்கத்தை மட்டும் வாசிச்சுக் காட்டட்டுமான்னு இவ கேட்டதுக்கு, அதுக்கெல்லாம் நேரமில்லைன்னு பிரின்சிபால் சொல்லிட்டார். பிள்ளைங்க யாரோடவும் பேசக்கூடாதுன்னு எழுதி வாங்கிக்கிட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அன்னிலேர்ந்து அவ ஸ்கூட்டர் டயர் ரெண்டு தடவை கிழிஞ்சு கிடந்துச்சு. எதிர்ல ஜெராக்ஸ் கடை வாசல்ல ஒருத்தன் பைக்கை நிறுத்திட்டு நம்ம ஜன்னலையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். உங்கப்பா போய்க் கேட்டதுக்கு, ரோடு என்ன உங்க வீட்டுச் சொத்தான்னு கேட்டானாம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம். போன வாரம் நானும் அவளும் மார்க்கெட்டுக்குப் போயிட்டு ரயில்வே நடைபாலம் வழியா வந்தோம். மழை தூறிக்கிட்டிருந்துச்சு. பாலத்து நடுவுல யூனிபாரத்தோட ஒரு பொண்ணு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு கீழே தண்டவாளத்தைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு. அந்தப் பொண்ணுதான். உன் தங்கச்சி கையில இருந்த பையை அப்படியே கீழே வச்சா, ஓடலை, கூப்பிடலை, மெதுவா நடந்து போய் அதுக்குப் பக்கத்துல நின்னா. நான் படிக்கட்டு ஓரத்துலயே நின்னுட்டேன். தூரத்துல வண்டி வர்ற சத்தம். அந்தப் பொண்ணு திரும்பாமலே கேட்டுச்சு.

"மிஸ், அந்தப் படகுக்காரன் குதிச்சுட்டானா?"

பேசக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்தவ, ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. அது தோளைச் சுத்திக் கையைப் போட்டு, "இல்லடா, ஒரு நாய் அவன் செருப்பைத் தூக்கிட்டு ஓடிப் போச்சு"ன்னு ஆரம்பிச்சா. வண்டி கீழே தடதடன்னு போயிக்கிட்டிருக்கு, இவ கத்திக் கத்திக் கதை சொல்றா. நனைஞ்சுக்கிட்டே மீதிக் கதை மொத்தத்தையும் சொல்லி முடிச்சு, அந்தப் பொண்ணை அது வீட்டு வாசல்ல விட்டுட்டுதான் வந்தோம். வழியில தினமும் அங்கே வந்து நிப்பியான்னு கேட்டதுக்கு அது என் கையில இருந்த பையை வாங்கிக்கிட்டு முன்னால நடந்துச்சு.

பாலத்துல யாரோ போட்டோ பிடிச்சிருக்காங்கப்பா. ரெண்டு பேரோட முதுகும், கைப்பிடியும், கீழே ரயிலும். அந்தப் புஸ்தகப் பக்கத்தையும் இந்தப் போட்டோவையும் ஒண்ணா ஒட்டி, பாடம் நடத்திட்டு பிள்ளையைப் பாலத்துக்கே கூட்டிட்டுப் போயிருக்கா பாருங்கன்னு எழுதி விட்டிருக்காங்க. ரெண்டு நாள் கழிச்சு அந்தம்மா தாடை வீங்கிப் போய் எங்க கிளினிக்குக்கே வந்தாங்க. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. டாக்டர் வர்ற வரைக்கும் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் படத்தை என்கிட்டயே காட்டி, இவளை ஜெயில்ல தள்ளணும்னு சொன்னாங்க. கையில இருந்த ட்ரேயைக் கீழே வச்சுட்டு, இது என் பொண்ணு, நானும் அங்கேதான் இருந்தேன்னு சொல்லி, பாலத்துல நடந்தது பூராவும் சொன்னேன். அவங்க பொண்ணு கேட்ட கேள்வியையும் சொன்னேன். பல்வலியெல்லாம் மறந்து அப்படியே உட்கார்ந்துட்டாங்க. போனைப் பைக்குள்ள வச்சுட்டு, "எனக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டப் பயமா இருந்துச்சும்மா"ன்னாங்க. எனக்கு அவங்க மேல கோபமே வரலை.

அந்தப் பொண்ணை இப்ப ஒரு மனநல டாக்டர்கிட்ட காட்டறாங்க, தனியா விடறதில்லை. உன் தங்கச்சியோட சொந்தப் பிரதியை வாங்கிக்கிட்டுப் போய் அம்மாவும் பொண்ணுமா படிக்கறாங்க. அந்தம்மா பிரின்சிபால்கிட்ட போய் நான் போட்டது தப்புன்னு சொல்லியும் பார்த்துட்டாங்க. இது இனிமே நம்ம கையில இல்லைம்மா, எங்கெங்கேயோ போயிடுச்சுன்னு அவர் சொல்லிட்டாராம். குரூப்புல அவங்க எழுதின மன்னிப்பு நாலு வரிக்கு மேல இருந்துச்சாம், யாரும் படிக்கலை. ஸ்கூல் லைப்ரரியைப் பூட்டிட்டாங்க. பக்கத்து ஸ்கூல்லயும் புஸ்தகங்களை அள்ளிக் கட்டறாங்கன்னு கேள்வி. திங்கள்கிழமை உன் தங்கச்சியைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. வக்கீலோட நாங்க ரெண்டு பேரும் கூடப் போறோம். இதை எழுதும்போதும் அந்த பைக் அங்கேதான் நிக்குது, இன்னிக்கு ரெண்டு பைக்.

நேத்து மத்தியானம் அந்தப் படம் நம்ம குடும்ப குரூப்புக்கும் வந்துச்சு. அனுப்பினது நீ. இந்த மாதிரி ஆளுங்களைச் சும்மா விடக்கூடாதுன்னு மேல ஒரு வரியும் போட்டிருந்தே. தெரியாமதான் செஞ்சிருப்பே, எனக்குப் புரியுது. ஆனா கூடப் பிறந்தவ முதுகு உனக்கு அடையாளம் தெரியலையேப்பா. நாங்க சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். உங்கப்பா கண்ணாடி போடாததால பார்க்கலை. அவ பார்த்தா. போனைக் கவிழ்த்து வச்சுட்டு, தட்டைக் கழுவி வச்சுட்டு உள்ளே போயிட்டா.

இதைப் படிச்சு முடிச்சதும் அவளுக்கு ஒரு போன் போடு, அவ எடுக்கற வரைக்கும் போடு. யார் யாருக்கு அதை அனுப்பினியோ அவங்க ஒவ்வொருத்தருக்கும் அது யாருன்னு சொல்லு. பேத்தி ஒன்பதாவதுக்கு வந்துட்டாளே, கடைசியா ஒரு புஸ்தகத்தை முழுசா எப்ப படிச்சேன்னு அவளையும் கேளு, கேட்டுட்டுத் திட்டாம பக்கத்துல உட்காரு. நீங்க மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருக்கணும், அம்மா மனசு எப்பவும் உங்களைச் சுத்தியேதான் இருக்கு. வெளியே போகும்போது காதை மூடிக்கோ.

உன் அம்மா