அரை ஜாண் கோரை

மச்சான்,

எழுத்து கோணலாக இருக்கும், கோபித்துக்கொள்ளாதே. வரி நேராக நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் எழுதினால் விரல் மரத்துப்போகிறது. ஆனால் இது என் கையெழுத்து, இன்னொருவரிடம் சொல்லி எழுதியதல்ல. பஸ்ஸின் நெற்றியில் 'தாம்பரம்' என்று முதன்முதலாகப் படித்த அன்று, ஏற வேண்டிய பஸ்ஸை விட்டுவிட்டு, வருகிற பஸ்ஸை எல்லாம் படித்துக்கொண்டு நின்றேன். எழுபதைத் தாண்டியும் இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கிறது.

சேலையூர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. நேற்று புதுப் பாய் விரித்தார்கள். உட்கார்ந்தவுடன் கோரை வாசம் வந்தது. டீச்சர் போர்டில் எழுதியது எதுவும் அதன்பிறகு என் கண்ணில் படவில்லை.

நடுவதற்குக் கோரையின் வேர்க்கட்டையை மூட்டை கட்டி, கரூரிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? தாம்பரத்தில் டவுன் பஸ் மாறியபோது கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பெர்சு, மூட்டைல எதுனா செத்துக் கீதா?"

"உயிரோடதான் சார் கீது. தண்ணி காட்னா எழுந்துக்கும்" என்றாய் நீ. பஸ்ஸே சிரித்தது.

ஏரிக்கரைப் பள்ளத்தைக் குத்தகைக்கு எடுத்து, சேற்றை மிதித்து, ஜாணுக்கு ஒரு கட்டையாக ஊன்றினோம். கணுக்கால் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டோம். நெல்லுக்குப் பயிர்க்காலம் முடிந்தால் வேலை முடிந்தது. கோரை அப்படியல்ல. முதல் அறுப்புக்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே கட்டையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். களை பிடுங்கிக் குனிந்த முதுகை நிமிர்த்தும்போதெல்லாம் நீ சொல்வாய்: "சிறுசேரில அவனவன் ஏசில குந்திகினு கீறான். நமக்கு இந்தச் சேறுதான் மச்சான் ஏசி."

அந்த ஐப்பசி வந்தது. கோரை உன் தலையைத் தாண்டியிருந்தது. மழைக்கு முன்னால் அறுத்து, கீறி, காயவைத்துவிட வேண்டும். ஈரம் பட்டால் கறுத்துவிடும். நீ வானத்தைப் பார்த்தாய்.

"கறுக்குது மச்சான். நாளைக்கே அறுத்துடலாம்."

"ஒரு வாரம் பொறு. இன்னும் அரை ஜாண் ஏறும். நெட்டைக் கோரைன்னா பாய்க்காரர் வுட மாட்டாரு."

"உனக்குத் தெரியாததா. சரி, வுடு" என்றாய்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். போனது போகட்டும் என்று நான் விட்டிருப்பேன். நீ விடவில்லை. நான்கு நாள் அந்தத் தண்ணீரில் நின்று அறுத்தாய். நான் மூட்டு வலி என்று கரையில் நின்று கோரைக் கட்டுகளை வாங்கி அடுக்கினேன். அறுத்த அடித்தாள் ஆணி மாதிரி இருக்கும். உன் பாதமெல்லாம் கீறல். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளானது. ஏரித் தண்ணீர் புண் வழியாக ஏறியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நீ திரும்பி வரவில்லை. அறுத்த கோரை முழுவதும் கறுத்துப்போனது. அதைத் தொட ஆள் இல்லை.

அடுத்த வருஷம் யாரும் கவனிக்காமலே கோரை மறுபடியும் ஆளுயரம் நின்றது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

காய்ச்சல்வரை உனக்குத் தெரிந்தது. தெரியாததில் பெரியது இனிமேல்தான்.

காரியம் முடிந்த அன்று உன் வீட்டுக்காரி என்னிடம் கேட்டாள். "அந்த மனுசனுக்கு அவ்ளோ ஆசை. கோரை வளரட்டும்னு வுட்டு வச்சிட்டு, அப்பால தண்ணில போய் எறங்கிச்சே. நீயாவது முன்னாடியே அறுக்கச் சொல்லக் கூடாதாண்ணா?"

நான் சொன்னேன்: "சொன்னேம்மா. கேக்கல."

இவ்வளவுதான் மச்சான். இரண்டே வார்த்தை. அன்றிலிருந்து அவளுக்கு நீ பேராசைக்காரன், நான் நல்லது சொன்ன அண்ணன். உன் பெயரை எடுத்தாலே, "அண்ணன் அன்னிக்கே சொல்லிச்சு" என்பாள். பண்டிகைக்குச் சோறு போட்டுக் கொடுத்தனுப்புவாள். அதையும் வாங்கித் தின்றேன். வாயால் உண்மையைச் சொல்லப் பல தடவை அவள் வாசல்வரை போனேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அவளும் இதே வகுப்பில்தான் படிக்கிறாள், எனக்கு முன் வரிசையில். யாருக்காவது ஒரு கடிதம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். வகுப்பில் நோட்டை மாற்றிக்கொண்டு படிக்க வேண்டும். யாரிடம் கொடுப்பது என்பது அவரவர் இஷ்டம். இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு, பேரனுக்கு நாலு வரி எழுதினால் யாருக்கும் தெரியாது. காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிழிக்கவில்லை.

நாளைக்கு அவள் கையில் கொடுத்துவிடுவேன். அவள் விரல் வைத்து, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை நான் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.