அவர் வண்டிக்குப் போட்ட புது லைட்

அத்தைக்கு, சந்திரிகா கும்பிட்டு எழுதுவது. இடுப்பு வலி குறைந்ததா? மாமா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? எனக்கு ஒரு குறையும் இல்லை. தி.நகரில் துணிக்கடை வேலை நடக்கிறது.

உங்கள் மகன் ஊர் ஊராகச் சுற்றிய பழைய பைக்கைப் புதுப்பிக்க, மந்தைவெளி மெக்கானிக் டில்லிபாபுவிடம் பிரித்துப்போட்டிருந்தார். வேலை முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். அதை விற்கச் சொன்னீர்கள். நான் விற்கவில்லை, கோபப்படாதீர்கள். ராத்திரியில் ரோடு தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதனால் எல்.ஈ.டி. லைட் போட்டு வேலையை முடிக்கச் சொன்னேன்.

நேற்று கடை விட்டதும் போனேன்.

"எதிர்ல போய் நில்லுக்கா. கண்ணு கூசுதானு சொல்லு" என்றான் டில்லிபாபு.

நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னாக்கா, அழுவுறியா?"

"லைட்டு அடிக்குதுடா. எதுக்க வர்றவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே, இறக்கி வை."

இறக்கியும் கூசியது. பல்பைச் சுற்றியிருக்கும் கண்ணாடிக் கூட்டை டூம் என்கிறான். பழைய டூமில் புது பல்பை மாட்டியதால் வெளிச்சம் சிதறுகிறதாம். முனகிக்கொண்டே டூமையும் புதிதாக மாற்றினான். இப்போது வெளிச்சம் ரோட்டில் விழுகிறது.

இனி விற்க வேண்டாம் அத்தை. வண்டியை எடுத்துப்போகக் கொழுந்தனார் பாலகணேஷை அனுப்புங்கள். அவரிடம் உங்கள் பழைய நூல் சேலை ஒன்று கொடுத்துவிடுங்கள், நான் போர்த்திக்கொள்ள.

திரும்பும்போது பின்னால் உட்கார்ந்து நானும் வரட்டுமா? ஊர் பேசும் என்றால் பஸ்ஸில் வருகிறேன். கடையில் லீவு கேட்டுவிட்டேன்.

நேரமாகிவிட்டது, கடை திறந்துவிடுவார்கள்.

உங்கள் மருமகள்
சந்திரிகா