சீத்தாப்பழ ஐஸ்கிரீம் உறையவில்லை

புரட்டாசி முதல் சனி, இரவு. பாகாலா.

இதையெல்லாமா எழுதுவது என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். ஆனால் கோபம் தூங்கவிடவில்லை.

திருப்பதியில் என்னோடு வேலை செய்யும் லாவண்யாவை இன்றுதான் முதல்முறையாக வீட்டுக்கு அழைத்து வந்தேன். என் சம்பளத்தில் வாங்கிய மெஷினில் சீத்தாப்பழ ஐஸ்கிரீம் செய்து தருவதாகச் சொல்லியிருந்தேன். அதன் கிண்ணத்தின் இரட்டைச் சுவருக்குள் அடைத்திருக்கும் திரவம் ஒரு நாள் முழுக்க ஃப்ரீசரில் இருந்து உறைய வேண்டும். நேற்றே வைத்துவிட்டேன். இன்று எடுத்து ஆட்டிப் பார்த்தால், உறைய வேண்டியது உள்ளே களக் களக் என்கிறது.

"முட்டை வச்ச ஃபிரிட்ஜுடி. பெருமாள் சனிக்கிழமை, கழுவாம வுடுவாங்களா? காலையில நிறுத்திக் கழுவி இப்பதான் போட்டேன்" என்றாள் அம்மா.

வேறு வழியில்லாமல் பாலையும் பழத்தையும் ஊற்றிச் சுற்றவிட்டேன். அரை மணி கழித்தும் பாலாகவே இருந்தது. அண்ணன் அதை டம்ளரில் ஊற்றிக் குடித்தான்.

"டிகிரி படிச்சவ பாயசம் பண்ணிக்கினு ஐஸ்கிரீம்ன்றாளே!"

லாவண்யா சிரித்துவிட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் அதிகம் எரிகிறது.

அவளை ரயிலேற்றிவிட்டு வந்த பிறகு அண்ணனே சொன்னான். ஃபிரிட்ஜை நிறுத்துமுன் அம்மா அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, "உன் கூல்டிரிங்க் பாட்டிலை வெளிய வைக்கவாடா?" என்று கேட்டாளாம். நான் அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

அம்மா, அடுத்த சனிக்கும் ஃபிரிட்ஜைக் கழுவு. என்னையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கழுவு.