மஞ்சள் பெயிண்டில் இரண்டு பாதம்

மச்சான்,

போன வாரம் பேரன் என்னை ஈப்போவில் கோல்ப் பந்து அடித்துப் பழகும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஆளுக்கு ஒரு பச்சைப் பாய் விரித்திருந்தார்கள். கடைசிப் பாயில் மட்டும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று, மஞ்சள் பெயிண்டில் இரண்டு பாதம் வரைந்திருந்தது. இடையில் தோள் அகலம். இடது பாதத்தின் நுனி கொஞ்சம் வெளியே திரும்பியிருந்தது. ஆள் இல்லை, பாதம் மட்டும். சுண்ணாம்பு மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"ஏறி நில்லுங்க தாத்தா, சும்மா ஒன்னு அடிச்சுப் பாருங்கலா," என்றான் பேரன்.

முட்டி வலி என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எந்த முட்டி வலியும் கிடையாது. எண்பது தாண்டியும் அந்த மலையை ஒரே மூச்சில் ஏறுவேன். சரி, பாதி மலை.

அந்தப் பாதங்களை முதன்முதலில் வரைந்தவன் நீ. அங்கே இருந்த ஒருவருக்கும் அது தெரியாது.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் பாதிப் பாடத்தை வாத்தியார் என்னைக் கேட்டுத்தான் நடத்தினார் என்று ஊரில் சொல்லிவருகிறேன். நீ அதுவும் படிக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் தஞ்சோங் ரம்புத்தான் போகிற பாதையில் இருந்த நம் ரப்பர் தோட்டத்தில் கூலிக்குப் பால்மரம் வெட்டினோம். ஞாயிற்றுக்கிழமை துரைமாரின் கோல்ப் திடலில் பை தூக்கினோம். காணாமல்போன பந்தைத் தேடி எடுப்பதில் பேரா மாநிலம் முழுக்க என்னை அடிக்க ஆள் இல்லை. கழுகு வந்து என்னிடம் வழி கேட்கும். நீ பந்தைப் பார்க்கவே மாட்டாய். எல்லாரும் ஆகாயத்தைப் பார்க்கும்போது நீ துரை நின்ற புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

"பந்து எங்க போவும்னு அடிக்கிறதுக்கு முன்னாடியே காலு சொல்லிரும் மச்சான்," என்பாய். என் தங்கை வள்ளியைக் கட்டுவதற்கு முன்பிருந்தே நமக்குள் மச்சான்தான்.

நீங்கள் நிற்பது சரியில்லை என்று துரையிடம் பை தூக்குகிறவன் சொல்ல முடியுமா? நீ சொன்னதில்லை. ஈர மணலைக் கிள்ளிக் குவித்து அதன்மேல் பந்தை வைப்பது நம் வேலை. அந்தக் குவியலை நீ இரண்டு விரல் முன்னே வைப்பாய், மூன்று விரல் தள்ளி வைப்பாய். பந்து இருக்கிற இடத்துக்குத் துரையின் கால் தானாக வந்துசேரும். பந்து நேராகப் போகும். துரை அதைத் தன் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொள்வார். நீ குனிந்து மணலைத் தட்டிவிடுவாய். உன் வித்தை அவ்வளவும் நீ வாய் திறக்காததில்தான் இருந்தது.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரைமார் ஓடினார்கள். ஒன்பது குழித் திடலில் ஆறு குழிக்கு மரவள்ளி நட்டார்கள். மிச்சம் மூன்றை ஒரு ஜப்பான் அதிகாரி தனக்கென்று வைத்துக்கொண்டார். பங்களாவில் துரை விட்டுப்போன பையும் பதினொரு பந்தும் அவருக்குக் கிடைத்தன. நம் இருவரையும் தேடிப் பிடித்துப் பையைத் தோளில் மாட்டினார்கள். சயாம் காட்டில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் எடுக்கிற பட்டியலும் அவர் கையில்தான் இருந்தது. ஆபீஸ் வாசல் பலகையில் பெயர் ஒட்டுவார்கள். ஒட்டிய மூன்றாம் நாள் லாரி வரும். அப்புறம் பெயர் வந்தவனின் கூலி லயத்து வீட்டில் கதவு திறந்தே கிடக்கும்.

அவர் வாள் பழகியவர். வாள்காரன் வலது காலை முன்னே வைப்பான், இடது குதிகாலைத் தூக்கியே வைத்திருப்பான். கோல்ப் பந்துக்கும் அவர் அப்படியே நின்றார். இடது கால் பின்வாங்கும். தோள் இடப்பக்கம் திறந்துகொள்ளும். மட்டை பந்தைக் குறுக்கே சீவும். பந்து வலப்பக்கம் வளைந்து, பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்த மரவள்ளிக்குள் போய் விழும். அவர்களில் வள்ளியும் இருந்தாள். ஒரு பந்து தொலைந்தால் நமக்கு ஆளுக்கு இரண்டு அறை. நீ பழையபடி மணலை நகர்த்தி நகர்த்தி வைத்தாய். "வாளுக்காரன் காலு லேசுல மாறாது. இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்க," என்றாய்.

நான் பொறுத்துக்கொள்ளவில்லை.

அன்று காலை எட்டு மணி இருக்கும். காற்றே இல்லை. ஒன்பதாவது பந்தும் மரவள்ளிக்குள் போயிற்று. நான் மண்டிபோட்டு, மண்ணை நகத்தால் பறித்துத் தேடினேன். கிடைக்கவில்லை. அதிகாரி கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டே ஏதோ சொன்னார். கூட இருந்த சீனர் அதை மலாயில் சொன்னார்: மிச்சம் இரண்டு பந்து. இன்னொன்று தொலைந்தால், தேடுகிறவன் அடுத்த லாரியில்.

தேடுகிறவன் நான்.

அதிகாரியைப் பாய்ந்து பிடித்தேன், இரண்டு சிப்பாய் சேர்ந்துதான் என்னை விலக்கினார்கள் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன். கையில் இருக்கிற தழும்பையும் காட்டுவேன். அது பால் வெட்டும் கத்தி கிழித்தது. நான் உண்மையில் செய்தது இதுதான். கால் இரண்டையும் ஒட்டிவைத்துக்கொண்டு நின்று, உன்னைக் கைகாட்டினேன். "பந்து தொலையறது என் கண்ணால இல்ல துவான். நீங்க நிக்கிற நெலை சரியில்ல. இவனக் கேளுங்க. பெரிய துரைக்கே நிக்கக் கத்துக்குடுத்தவன். குருடனக்கூட நேரா அடிக்க வைப்பான்," என்று மலாயில் அளந்தேன். பயத்திலும் எனக்குப் பெருமை பேசத்தான் வந்தது.

அந்தச் சீனர் என்னையே பார்த்தார். "இதை அப்படியே சொல்லவா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

அவர் சொல்லி முடித்ததும் மரவள்ளிப் பக்கம் களைவெட்டும் சத்தம் நின்றுபோனது. அதிகாரியின் கை வாள் பிடிக்குப் போயிற்று. நீ என்னைத் திட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாய். பிறகு ஒரு குச்சியை எடுத்துக் குந்தி, மண்ணில் இரண்டு பாதம் கீறினாய். எதிரே போய், கண்ணாடியில் தெரிகிற மாதிரி, அதே நிலையில் நீ நின்றாய். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தினாய். குதிகால் இரண்டையும் மண்ணில் அழுத்திக் காட்டினாய்.

அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூட்ஸ் காலை அந்தக் கோட்டுக்குள் வைத்தார்.

பந்து நூல் பிடித்தாற்போல் போயிற்று. அவர் முதல்தடவையாகச் சிரித்தார். வாளில் கை வைத்தபோது வராத நடுக்கம் அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு வந்தது.

அதற்கப்புறம் நீ கீறாமல் அவர் அடிக்க மாட்டார். மழை அழித்தால் மறுபடி கீறவேண்டும். உனக்கு அரிசி கொடுத்தார், சிகரெட் கொடுத்தார். நான் லயம் முழுக்க என் மச்சான் பெருமையை ஊதித் திரிந்தேன். ஒருநாள் திரும்பி வரும் வழியில் நீ சொன்னாய்: "அவனுக்குத் தானா நிக்க வந்துருச்சு. ஆனா நான் இல்லாம நிக்க மாட்டான்."

"நல்லதுதானே மச்சான்," என்றேன்.

நீ முன்னே நடந்துவிட்டாய்.

அதிகாரிக்குச் சயாமுக்கு மாற்றல் வந்தது. பலகையில் உன் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. ஆனால் லாரி வந்த அன்று பையைத் தோளில் போட்டு உன்னை ஏறச் சொன்னார்கள். வள்ளி ஓடிவந்தாள், நானும் ஓடிவந்தேன். நீ அவளைப் பார்த்துத் தலையசைத்தாய். என் காலைப் பார்த்தாய்.

"ஒட்டி நிக்காத மச்சான். அகட்டி நில்லு. விழுந்துருவ."

நீ கடைசியாகப் பேசியது அதுதான்.

சண்டை முடிந்து, சயாமிலிருந்து தாப்பா ஊருக்குத் திரும்பி வந்த ஒருவரைத் தேடிப்போய்க் கேட்டேன். மழைக்காலத்துக்கு அப்புறம் உன்னைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொன்னார். நான் வள்ளியிடம், சயாம் சேற்றில் நீ கீறிய பாதங்களை அவர் பார்த்தாராம், மழையில்கூட அழியவில்லையாம் என்று சொன்னேன். அவள் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷா வருஷம் அந்தக் கதையை என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்பாள். ஒருதடவை கேட்டாள்: "அண்ணே, நீ சொல்ற கதையில அவரு எப்பவும் சிரிச்சுக்கிட்டே லாரி ஏறுறாரு. அன்னிக்கு நானும் அங்கதானே நின்னேன்?"

நான் பேச்சை மாற்றிவிட்டேன். அவளும் அதற்கப்புறம் கேட்கவில்லை. போன வருஷம் போய்ச்சேர்ந்தாள். உன்னை லாரியில் ஏற்றியது என் வாய்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு அறுபது வருஷம் இருந்தது.

இன்று காலை யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி அங்கே போனேன். மட்டை எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மஞ்சள் பாதங்களின்மேல் நின்றேன். முழங்காலைத் தளர்த்தி, குதிகாலை அழுத்தி, எதிரே பார்த்தேன். நீ நிற்கவேண்டிய இடத்தில் புல் வெட்டும் வண்டி நின்றது.

பஸ் ஸ்டாண்டில், கோயிலில், சாவு வீட்டில், எங்கே நின்றாலும் நான் கால் அகட்டித்தான் நிற்கிறேன், மச்சான். திமிர் பிடித்த கிழவன் என்கிறார்கள். ஒட்டி நின்றால் விழுந்துவிடுவேன் என்று அவர்களிடம் சொல்வதில்லை.