ஒன்பதாம் பக்கத்து மாரடைப்பு

பெரும்பாக்கம்,
சனிக்கிழமை.

தம்பி கதிரேசனுக்கு,

அக்கா ஜோதிலட்சுமி எழுதுவது. வழக்கம்போல நலம் விசாரித்து ஆரம்பிக்க இன்று மனசு வரவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். புத்தகத்தின் பின்னட்டையில் பார்த்தேனே, கன்னம் உப்பி, தாடியெல்லாம் வைத்து ஆள் நன்றாகத்தான் இருக்கிறாய். போன் செய்தால் மீட்டிங் என்று கட் பண்ணுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருப்பாய். அதனால்தான் புனேவுக்கு ஸ்பீடு போஸ்ட் அனுப்புகிறேன். இதைக் கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆகவேண்டும்.

நீ அனுப்பிய நிலாப் புத்தகம் வந்தது. கிண்டி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போகிற பஸ்ஸில் படித்தே முடித்துவிட்டேன். முதல் பக்கத்தில் "அக்காவுக்கு, படங்களையாவது பார்" என்று உன் கையால் எழுதியிருந்தாய். பத்தாவதோடு நின்றவளுக்கு வேறென்ன புரியும் என்று நினைத்தாய் போல. எல்லாமே புரிந்தது. ரஷ்யாக்காரன் முந்திக்கொண்டு மனுஷனை மேலே அனுப்பியது, அமெரிக்காக்காரனுக்கு ரோஷம் வந்தது, அறுபத்தொன்பதில் இரண்டு பேர் நிலாவில் இறங்க மூன்றாவது ஆள் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது, பன்னிரண்டு பேர் நடந்து முடித்ததும் எழுபத்திரண்டில் கடையைக் கட்டியது, எல்லாம் மனப்பாடம். நீ நன்றாக எழுதுகிறாய். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நிலாவில் இறங்கியவர்கள் போட்டிருந்த உடுப்பைத் தைத்தது மிஷினில் உட்கார்ந்த பொம்பளைகள் என்று ஒரே ஒரு பாரா எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நாலு தடவை படித்தேன். இருபத்தோரு அடுக்குத் துணியாம். நூலிழை தப்பினாலும் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்க வேண்டுமாம். உள்ளே ஒரு குண்டூசி தங்கிவிட்டால் ஆள் காலி என்பதால் ஊசிக்குக்கூடக் காவல் இருந்ததாம். மதிய சாப்பாட்டின்போது எங்கள் லைனில் இருக்கும் மதுமதிக்கு இதைப் படித்துக் காட்டினேன். காற்று இல்லாத இடத்தில் ஒரு ஆளை இறக்குவதற்கு இத்தனை பேர் மெனக்கெட்டார்களா என்று வாயைப் பிளந்தாள். எனக்கு நைனா நினைப்புதான் வந்தது. நைனா கடைசியாக எதைப் போட்டுக்கொண்டு குழிக்குள் இறங்கினார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உன் பழைய ஸ்கூல் டிராயர். காக்கிக் கலர். இடுப்பில் பட்டன் நிற்காது என்று நான்தான் நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

நிலாவுக்கு ராக்கெட் விடுகிற காலத்தில் என்று ஆரம்பிக்கிற மேடைப் பேச்சு எனக்கும் அலுத்துவிட்டது. நான் யாரையும் கேட்கவில்லை. உன்னைத்தான் கேட்கிறேன்.

தீ விபத்தைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாய். அறுபத்தேழாம் வருஷம், ராக்கெட் கிளம்பக்கூட இல்லை, தரையில் ஒத்திகை பார்க்கும்போதே மூன்று பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தீப்பிடித்ததும் உள்ளே அழுத்தம் ஏறி, அதைத் திறக்கவே முடியவில்லை. விஷப்புகையை இழுத்து இழுத்துக் கடைசியில் இதயம் நின்றுபோனது என்று டாக்டர்கள் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அங்கே மட்டும் மாரடைப்பு என்று நீ எழுதவில்லை, கவனித்தாயா? அதற்கப்புறம் கிட்டத்தட்ட இருபது மாதம் ஒருத்தரையும் மேலே அனுப்பாமல், கதவை மாற்றி, வயரை மாற்றி, சில நொடியில் வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி செய்தார்கள் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். படித்தபோது என் கண்ணிலும் தண்ணீர் வந்தது, பொய் சொல்லவில்லை.

பிறகு முன்னால் திருப்பி ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தேன். உன்னைப் பற்றி நீயே எழுதிய பக்கம். "என் தந்தை திரு. முருகையன் அரசுப் பணியில் இருந்தவர். நான் கல்லூரியில் சேரும் முன்பே மாரடைப்பால் காலமானார்." நைனா எப்போதடா உனக்குத் தந்தையானார்? எந்த அரசு அவருக்கு வேலை கொடுத்தது?

நீ மறந்திருந்தால் நான் சொல்கிறேன். நைனா எந்த செப்டிக் டேங்கில் இறங்கினாலும் மூடியைத் திறந்துபோட்டு, டீ குடித்து, பீடி பிடித்து, வாயு போகட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருப்பார். இடுப்பில் கயிறு. ஒரு தடவை இழுத்தால் வாளியைத் தூக்கு, இரண்டு தடவை இழுத்தால் என்னைத் தூக்கு. அதுதான் அவரும் மேலே நின்று கயிறு பிடிக்கிற கபாலி மாமாவும் பேசிக்கொள்கிற பாஷை. அன்றைக்கு தி.நகர் அபார்ட்மெண்டில் செக்ரட்டரி வீட்டில் நிச்சயதார்த்தம். நாற்றம் அடிக்கிறது, சம்பந்தி வீட்டார் வந்துவிடுவார்கள், இப்போதே இறங்கு என்று நின்றார். மூடியைத் திறந்த பத்தாவது நிமிஷம் நைனா இறங்கினார். கயிற்றை ஒரு தடவைகூட இழுக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எட்டிக் குனிந்த கபாலி மாமாவும் உள்ளே விழப் பார்த்தார். வாட்ச்மேன் காலைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். இன்றைக்கும் நாலு படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. நைனாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அதே டேங்கில் வேறொருத்தரை இறக்கினார்கள். இருபது மாதமெல்லாம் யாரும் காத்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த செக்ரட்டரி ஒரு தாளோடு வந்தார். வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், மாரடைப்பு என்று அதில் எழுதியிருந்தது. அம்மா அழுதுகொண்டே கைநாட்டு வைத்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்திருந்தாய், படித்துப் பார்த்துவிட்டுத்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாய். அடுத்த மாதமே அந்த மனுஷன் சிபாரிசில் உனக்கு இன்ஜினியரிங் காலேஜில் இடம் கிடைத்தது. இத்தனை வருஷத்தில் நான் அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேனா? ஒரு நாள்கூட இல்லை. பதினெட்டு வயசுப் பையன், பயந்துபோய்ப் போட்டான் என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் இந்தப் புத்தகத்தை எழுதும்போது உனக்கு நாற்பத்தொரு வயது. பக்கத்தில் எந்த செக்ரட்டரியும் நிற்கவில்லை. இதை நீயாகவே எழுதினாய். எனக்கு ஆறவே இல்லை.

அதோடு விட்டாயா? புத்தகத்தோடு வைத்த சீட்டில், இருபத்தெட்டாம் தேதி மயிலாப்பூரில் வெளியீட்டு விழா, அம்மாவை மேடையில் உட்கார வைக்க வேண்டும், நல்ல புடவையில் அழைத்து வா என்றாய். யாராவது நைனாவைப் பற்றிக் கேட்டால் மாரடைப்பு என்று மட்டும் சொல்லச் சொல், அனுப்ரியா வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது என்றாய். பெண்டாட்டியோடு பதினைந்து வருஷம் குடித்தனம் நடத்திவிட்டு இதைக்கூடச் சொல்லவில்லையா நீ? அவள் நல்ல பெண். மறைத்து வைத்தது உன் பயம்தான், அவளைக் காரணம் காட்டாதே.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை அம்மா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தடவிக்கொண்டிருந்தாள். "உங்க நைனாவ பத்தி இன்னா எழுதிக்கிறான், படி" என்று கேட்டாள். ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தேன். அந்த இரண்டு வரியைப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. புத்தகத்தைப் பார்த்தபடியே நானாகச் சொன்னேன்: "என் நைனா முருகையன் சாக்கடைக் குழியில் இறங்கி வேலை செய்து எங்களை வளர்த்தவர். தி.நகரில் ஒரு டேங்கில் விஷவாயு தாக்கி இறந்தார். மாரடைப்பு என்று ஒரு தாளில் எழுதி வாங்கினார்கள். தெரிந்தே நானும் அதில் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் இருப்பது பொய்."

அம்மா அந்தப் பக்கத்தின் மேல் கையை வைத்தாள். மறுபடி படி என்றாள். அதையே மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தாள்ல எங்கைய வச்சி அமுக்குனப்பவே எனுக்கு சந்தேகம்டி. எம்புள்ள வாயால வரட்டும்னுதான் இத்தினி வருசம் கம்முனு கீறேன்" என்றாள். கதிரேசா, அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

இன்றைக்கு எங்கள் மாடி முழுக்க அவள் பேச்சுதான். மகன் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டான் என்று பக்கத்து வீட்டு ஹாஜிரா பீயிடம் சொல்லியாகிவிட்டது. சைதாப்பேட்டைக்குப் போன் போட்டு கபாலி மாமாவையும் விழாவுக்கு வரச் சொல்லிவிட்டாள். மேடையில் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கத்தை உன் வாயாலேயே படிக்கச் சொல்லப் போகிறாள். நான் தடுக்க மாட்டேன்.

உன்னைத் திட்டித் தீர்ப்பதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். திட்டிவிட்டேன். இப்போது கேட்கிறேன், தம்பி. அடுத்த பதிப்பில் திருத்துவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். அன்றைக்கு அம்மா கேட்கும்போது, அச்சில் இருப்பதைப் படிக்காதே. நான் படித்ததைப் படி. வார்த்தைகளை மேலே அப்படியே எழுதியிருக்கிறேன், தேவையென்றால் இந்தத் தாளைக் கிழித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள். அனுப்ரியா கேட்கட்டும், அவள் வீட்டார் கேட்கட்டும். ஒன்றும் ஆகாது.

பெண்டாட்டி பிள்ளையோடு நன்றாக இரு. படிக்கும்போது குரலை இறக்காதே. அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம்.

உன் அக்கா,
ஜோதிலட்சுமி